பந்து ஏன் போக மாட்டேங்குது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, சுங்குவார்சத்திரத்தில் வாலாஜாபாத் ரோடு பிரியும் இடத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் இறங்குவார்கள். பாதிப் பேர் ரூமுக்குப் போய்ப் படுப்பார்கள். மீதிப் பேர் நின்றபடியே ஒரு டீயைக் குடித்துவிட்டு கிரவுண்டுக்கு நடப்பார்கள். கிரவுண்டு என்று நாங்கள் சொல்வது மனைக்கல் நட்டு வருடக்கணக்காகியும் வீடு வராத ஒரு லேஅவுட்டை. முப்பதடி ரோட்டுக்காக விட்டிருந்த இடம்தான் பிட்ச். கல்லில் பட்டுத் திரும்பினால் இரண்டு ரன், ரோட்டைத் தாண்டினால் சிக்ஸர்.

அங்கே ஒரு தம்பி ஆடுகிறான். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர், ஐ.டி.ஐ. முடித்தவன், ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் வேலை. அகலமான தோள், முறுக்கேறிய கை, வாரம் நான்கு நாள் ஜிம். அடிக்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும். பேட் காற்றைக் கிழிக்கிற சத்தம் ஃபீல்டர் வரை கேட்கும். பந்து மட்டும் லாங்-ஆனில் நிற்பவன் கையில் போய் உட்காரும். அதே ஓவரில், அவனில் முக்கால்வாசி எடைகூட இல்லாத ஒல்லிப் பையன் ஒருவன் அதே போன்ற பந்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவான். ஒரு நாள் அவுட்டாகி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்டான்: “அண்ணா, ஃபுல்லா போட்டுத்தான் அடிக்கிறேன். பந்து ஏன் போக மாட்டேங்குது?”

இந்தப் பகுதியில் பதினைந்து வருடமாக லைனில் நின்று, ஞாயிறுதோறும் டீம் சேர்த்து ஆடியவன் நான். அவன் கேள்வியை எளிதாகத் தள்ள முடியவில்லை. படித்தது, பார்த்தது, எங்கள் கிரவுண்டில் செய்து பார்த்தது எல்லாவற்றையும் வைத்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பையன்களுக்குப் பலத்தில் குறைவில்லை. அந்தப் பலம் காலிலிருந்து பேட்டுக்கு வந்து சேருகிற வரிசை தப்பியிருக்கிறது. அதைச் சரிசெய்யத் தேவையான தோல் பந்தும் தூக்கமும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஆட்டம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2008-ல் நடந்த முதல் ஐ.பி.எல். தொடரின் 58 ஆட்டங்களில் விழுந்த சிக்ஸர்கள் 622. 2024 தொடரில் அது 1,250-ஐத் தாண்டியது. ஆட்டத்துக்குப் பத்து, பதினொன்று என்றிருந்தது பதினேழு ஆயிற்று. 2024 ஏப்ரல் 15 அன்று ஹைதராபாத் அணி பெங்களூருவில் 287 ரன் எடுத்தபோது 22 சிக்ஸர் அடித்தது. பதினொரு நாள் கழித்து கொல்கத்தாவில் பஞ்சாப் 262 ரன்னைத் துரத்திப் பிடித்த ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து 42. இதற்குப் பிட்ச் ஒரு காரணம், இழுத்துப் போட்ட எல்லைக் கயிறு ஒரு காரணம், 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி இன்னொரு காரணம். ஆனால் 2025 ஏப்ரல் 28 அன்று வைபவ் சூர்யவன்ஷி குஜராத்துக்கு எதிராக 35 பந்தில் சதம் அடித்ததை இவற்றை மட்டும் வைத்து விளக்க முடியாது. அப்போது அவருக்கு வயது 14. பதினொரு சிக்ஸர்கள். சமஸ்திபூர் மாவட்டத்துக்காரர் என்பதால் இங்கே லைனில் நிற்கும் பீகார் பையன்களுக்கு அவர் சொந்த வீட்டுப் பிள்ளை. பதினான்கு வயதில் அவ்வளவு தசை உடம்பில் சேர்ந்திருக்க வழியில்லை. அப்படியானால் அந்த வேகம் வேறு எங்கிருந்தோ வருகிறது.

தமிழ்நாட்டு கிரிக்கெட்டை நினைத்தால் பலருக்கும் சுழற்பந்தும், நளினமாக ஆடும் மட்டையாளர்களும்தான் கண்முன் வருவார்கள். மெதுவாக வரும் சேப்பாக்கம் பிட்ச் அப்படிப் பழக்கியது. ஆனாலும் அடிக்கிறவர்களின் வரிசை ஒன்று இங்கே விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீகாந்த் 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில், ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி ஸ்கொயர் டிரைவ் அடித்தார். இந்தியாவின் 183 ரன்னில் அவர் எடுத்த 38-தான் அந்த இறுதி ஆட்டத்தில் இரு அணியிலும் அதிகபட்சம். 2010 ஏப்ரல் 3 அன்று அதே சேப்பாக்கத்தில் முரளி விஜய் ராஜஸ்தானுக்கு எதிராக 56 பந்தில் 127 எடுத்தார், 11 சிக்ஸர். பார்க்க வலுவானவராகவே தெரியமாட்டார். பந்து போய்க்கொண்டே இருந்தது. 2021 நவம்பர் 22, டெல்லியில் சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி கர்நாடகா, கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஷாருக் கான் லெக் பக்கம் சுழற்றி சிக்ஸராக முடித்தார். அவருடையது நீளமான கையின் பலம். ஜெகதீசன் உயரத்திலும் உடம்பிலும் அதற்கு நேர்மாறானவர். 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 எடுத்தார். லிஸ்ட் ஏ ஆட்டங்களில் உலகத்திலேயே அதற்கு மேல் யாரும் அதுவரை எடுத்ததில்லை. அன்று தமிழ்நாடு 506.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் தினேஷ் கார்த்திக். 2018 மார்ச் 18 கொழும்பில் எட்டே பந்தில் 29 எடுத்து, கடைசிப் பந்தை சிக்ஸருக்கு அனுப்பியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் 2022-ல் நடந்தது. முப்பத்தேழை நெருங்கும் வயதில், பெங்களூரு அணிக்காகக் கடைசி ஓவர்களில் மட்டும் இறங்கி, 183 ஸ்டிரைக் ரேட்டில் 330 ரன் எடுத்தார். மேலே சொன்ன 287 ரன் ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்று 35 பந்தில் 83 அடித்தவரும் அவர்தான். அதில் ஒரு சிக்ஸர் 108 மீட்டர் போனது. பெரிய உடம்பு அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் தூரம் அடிக்கக் கற்றுக்கொண்டார். பவர் பிறவியிலேயே வர வேண்டும் என்று எங்கள் கிரவுண்டில் யாராவது சொன்னால் இவர் பெயரைத்தான் எடுப்பேன்.

அடுத்து பேட். தமிழில் அதற்கு மட்டை என்று பெயர் வைத்தது பொருத்தம்தான். நம்மில் பாதிப் பேரின் முதல் பேட் தென்னை மட்டை. இன்றைய பேட்டைப் பார்த்தால் அதன் முதுகு வீங்கியும் விளிம்பு தடித்தும் இருக்கும். 2017 அக்டோபர் முதல் விதி அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: அகலம் 108 மில்லிமீட்டர், கனம் 67, விளிம்பு 40. அதற்கு மேல் போகக்கூடாது. 2025 ஐ.பி.எல்.-ல் நடுவர்கள் மைதானத்திலேயே அளவுச் சட்டத்துக்குள் பேட்டை விட்டுப் பார்த்தார்கள். தடித்த பேட் எடை கூடியதாக இருக்கும் என்று எங்கள் பையன்கள் நினைக்கிறார்கள். வில்லோ மரத்தை நன்றாக உலர்த்துவதால் பருமன் கூடியும் எடை அப்படியே நிற்கிறது, பெரும்பாலும் 1.1 முதல் 1.25 கிலோவுக்குள்தான். இங்கிலாந்து வில்லோதான் வேண்டும் என்பதும் இல்லை. 2022 டி20 உலகக் கோப்பையில் அமீரக அணியின் ஜுனைத் சித்திக் இலங்கைக்கு எதிராக 109 மீட்டர் சிக்ஸர் அடித்தது காஷ்மீரில் செய்த பேட்டில். எங்கள் பக்கம் நடக்கும் பெரிய தப்பு, பவர் வேண்டுமென்று கனமான பேட்டை வாங்குவது. கை தூக்கும், ஆனால் வேகமாகத் திருப்ப முடியாது.

ஏன் வேகம் முக்கியம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். தோல் பந்து பேட்டின் நடுவில் சரியாகப் பட்டால், வந்த வேகத்தில் கால் பங்குதான் திரும்பக் கிடைக்கும். பேட்டின் வேகமோ ஒன்றேகால் மடங்காகப் பந்துக்குப் போகும். பிட்சில் பட்டு 80 கி.மீ. வேகத்தில் வருகிற பந்தை 72 கி.மீ. வேகத்தில் பேட் சந்தித்தால், இருபதும் தொண்ணூறும் சேர்ந்து 110 கி.மீ. வேகத்தில் பந்து கிளம்பும். 40 பாகைக் கோணத்தில் கிளம்பினால் காற்றின் தடை போக 70 மீட்டரை ஒட்டி விழும். பேட் வேகம் 80 ஆனால் பந்து 120-ல் கிளம்பி 80 மீட்டரை ஒட்டிப் போகும். பேட்டில் எட்டு கி.மீ. கூடியதற்குப் பத்து மீட்டர். லாங்-ஆனில் பிடிபடுவதற்கும் கூட்டத்தில் விழுவதற்கும் உள்ள தூரம் அதுதான். பந்துவீச்சாளர் பத்து கி.மீ. கூட்டிப் போட்டால் நமக்குக் கிடைப்பது இரண்டரை. நாம் பேட்டில் பத்து கூட்டினால் கிடைப்பது பன்னிரண்டரை. ஐந்து மடங்கு. ஆகவே, பந்து நடுவில் படுகிறது என்றால், மீதி எல்லாம் பேட் வேகம்.

பேட் வேகம் எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மட்டையாளர்களின் உடம்பில் குறிகளை ஒட்டி, தூக்கி அடிக்கும்போது ஒவ்வொரு மூட்டும் எப்படி அசைகிறது என்று அளந்தார்கள். வேகமாகச் சுழற்றியவர்களிடம் மூன்று விஷயங்கள் தெரிந்தன. பேட் கீழே இறங்கத் தொடங்கும்போது இடுப்பு முன்னே திரும்பியிருக்க, தோள் இன்னும் பின்னாலேயே இருந்தது. பந்தைச் சந்திக்கப் போகையில் முன்கை முழங்கை நன்றாக நீண்டது. மடித்து வைத்திருந்த மணிக்கட்டு கடைசியில் விரிந்தது. கை எவ்வளவு பருமன் என்பது அந்த மூன்றில் இல்லை.

சிலம்பம் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. கம்பை வீசுவது கையாக இருந்தாலும், காலும் இடுப்பும் திரும்பாமல் கம்பு சீறாது. கிட்டிப்புள் ஆடியவர்களுக்கும் தெரியும்: புள் எழும்பிய பிறகு மணிக்கட்டை விரிக்காமல் தோளால் தள்ளினால் பக்கத்திலேயே விழும். எங்கள் லைன் பையன்களுக்கு நான் சொல்லும் உதாரணம் டார்க் ரெஞ்ச். அதன் கைப்பிடி நுனியில் பிடித்து இழுத்தால் சுலபமாக ‘டக்’ என்று சத்தம் வரும். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் உயிரைக் கொடுத்து இழுத்தாலும் வராது. முழங்கையை மடக்கி, பேட்டை நெஞ்சோடு அணைத்தபடி அடிப்பது தலைக்குப் பக்கத்தில் பிடித்த ரெஞ்ச். ஆனால் தொடக்கத்திலேயே கையை நீட்டிவிட்டால் உடம்பு சுழல்வதே மெதுவாகிவிடும். முதலில் கையை உடம்போடு ஒட்டி வைத்துச் சுழன்று, பந்துக்குப் பக்கத்தில் வரும்போது நீட்ட வேண்டும். முன்காலுக்கு உதாரணம் கம்பெனி பஸ். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்களின் மேலுடம்பு முன்னால் பாயும் இல்லையா? தரையில் ஊன்றி விறைக்கிற முன்கால்தான் அந்த பிரேக். அது நழுவிக்கொண்டே போனால் மேலே எதுவும் பாயாது.

அந்தத் தம்பி அடிப்பதைப் போனில் வினாடிக்கு 240 படம் என்ற வேகத்தில் பிடித்தோம். ஒல்லிப் பையனையும் பிடித்தோம். இரண்டையும் மெதுவாக ஓட்டி, நிழலுக்காக ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் குனிந்து பார்த்தோம். பெல்ட் பக்கிளைப் பாருங்கள் என்று சொன்னேன். ஒல்லிப் பையனின் முன்குதிகால் தரையில் பட்டவுடன் பக்கிள் பந்துவீச்சாளரை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அவன் பேட் இன்னும் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. உடம்பு முறுக்கிய துணி போல ஆகிறது. பிறகு தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. நம் தம்பியின் வீடியோவில் பக்கிள், தோள், பேட் மூன்றும் ஒரே படத்தில் கிளம்பின. கீல் போட்ட கதவு மொத்தமாகத் திரும்புகிற மாதிரி. கீழ்க்கை விரல்கள் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தது படத்தில் தெரிந்தது. அப்படி நெரிக்கிற கையில் மணிக்கட்டு விரியவே முடியாது. பந்து படும் நேரத்தில் தலை லெக் பக்கம் சாய்ந்திருந்தது. அவன் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். “பலத்த எல்லாம் முன்னாடியே செலவு பண்ணிடுறேன்ணா” என்றான். அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

பயிற்சி முறைகளைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. இங்கிலாந்தின் ஜூலியன் வுட் பேஸ்பாலிலிருந்து பல விஷயங்களை எடுத்து கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தார். 2022-ல் பஞ்சாப் அணியோடும் வேலை செய்தார். கனமான பேட், லேசான பேட் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுழற்றும் பழக்கம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே நடந்த ஆய்வுகளில் பலன் கொடுத்தது வழக்கமான எடையிலிருந்து பத்து, பன்னிரண்டு சதவீதம் ஏற்றி இறக்கியபோதுதான். இரண்டு மடங்கு எடையைச் சுழற்றிவிட்டு இறங்கினால் கை லேசானது போலத் தோன்றும், வேகம் குறைந்திருக்கும். மட்டையில் செங்கல்லைக் கட்டிச் சுழற்றும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

எங்களுக்குப் பலன் தந்தவை எளிமையானவை. ஒரு பழைய ஃபுட்பாலில் மணலை அடைத்து, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பி எறிவது. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட்டும் டெட்லிப்டும். காலும் இடுப்பும் கெட்டியாக இருந்தால்தான் முன்கால் பிரேக் பிடிக்கும். ஸ்டம்பின் தலையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் பந்தை உட்காரவைத்து அடிப்பது. பக்கத்திலிருந்து ஒருவர் கையால் போட்டுக்கொடுக்கும் பந்தைத் தூக்கி அடிப்பது. ஆனால் முப்பது, நாற்பது பந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு ஆறு பந்துக்கும் இடையில் மூச்சு வாங்க வேண்டும். களைத்த உடம்போடு இருநூறு பந்து அடித்தால் மெதுவாக அடிக்கத்தான் உடம்பு பழகும். இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நிறைய அடித்தால் நிறைய வரும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் ஆழமாகப் பதிந்திருக்கிறது, ஓ.டி. பார்த்துச் சம்பாதிக்கிற ஊர்.

நானும் அதை நம்பியவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, லாரி டயரைச் சாய்த்து வைத்துச் சம்மட்டியால் அடிக்க ஆரம்பித்தேன். நைட் ஷிப்ட் முடிந்த காலைகளில், தூங்காமல். மூன்றாவது வாரம் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. இருபது நாள் லைனில் நிற்க முடியவில்லை, சம்பளமும் போயிற்று. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஒரே பக்கம் திரும்புகிற உடம்பு இது. அதன் மேல் முறுக்கும் வேலையைக் கொட்டுவதற்கு முன், பிருஷ்டத் தசையும் வயிற்றுத் தசையும் முதலில் தயாராக வேண்டும் என்று அப்போது சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை.

இனி பந்து. என் கணிப்பில் இந்தப் பகுதியின் பெரிய பிரச்சினை இதுதான். இங்கே ஆடுவதெல்லாம் டென்னிஸ் பந்தில், இல்லையென்றால் ரப்பர் பந்தில். 2024-ல் ‘லப்பர் பந்து’ படம் வந்தபோது ஊரே தன் கதையாக அதைக் கொண்டாடியதற்குக் காரணம் இருக்கிறது. டென்னிஸ் பந்தின் எடை 57 கிராம் சுற்று. தோல் பந்து 156 முதல் 163 கிராம். லேசான பந்து பேட்டில் பட்டால் வந்த வேகத்தில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்துவிடும். பேட் ஒன்றும் தள்ளாடாது. ஓரத்தில் பட்டாலும் பந்து பறக்கும். அதற்குப் பிறகு காற்று அதைப் பிடித்து நிறுத்தும், அது வேறு விஷயம். எழும்பி நெஞ்சுயரத்துக்கு வருவதால் பின்காலை மடக்கி மிட்விக்கெட் மேல் இழுக்கும் ஷாட் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. சுழற்றும் வேகமும் நன்றாகவே வளர்கிறது. ஆனால் தோல் பந்து நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பட்டாலே பேட் கைக்குள் திருகிக்கொள்ளும். தையலில் பட்டுக் கடைசி நேரத்தில் நகரும். உடம்பில் பட்டால் வலிக்கும் என்ற நினைப்பே முன்காலைத் தரையில் ஊன்றவிடாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் டென்னிஸ் பந்திலிருந்து இந்திய அணி வரை போனவர்கள் என்றால் உடனே நினைவுக்கு வருவது சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும், கட்டடக் கலை படித்துவிட்டு வந்த வருண் சக்கரவர்த்தியும். நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். வருண் 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை எடுத்தார். இரண்டு பேரும் பந்துவீச்சாளர்கள். யார்க்கரும் விரல் வித்தையும் பந்து மாறினாலும் கூட வருகின்றன. அடிக்கிறவனின் கலை அப்படிக் கூட வருவதில்லை. மும்பையில் சூர்யகுமார் யாதவ் சிமெண்ட் தரையில் ரப்பர் பந்தில் ஆடித்தான் தன் ஷாட்டுகளைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சிறு வயதிலேயே தோல் பந்தும் சேர்ந்து கிடைத்தது. எங்கள் பையன்களுக்கு இருபத்திரண்டு வயதில் முதல் தோல் பந்து கைக்கு வருகிறது. 2024-ல் தொடங்கிய ஐ.எஸ்.பி.எல். டென்னிஸ் பந்து லீக்கில் சென்னைக்கும் ஓர் அணி இருக்கிறது. அது நல்ல வாசல். அதோடு நின்றுவிடக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. இந்தப் பகுதியின் பல லைன்களில் நிற்பவர்கள் பெண்கள்தான். வல்லம் வடகாலில் 18,000 பெண்களுக்கு மேல் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் பள்ளியில் ஓடியவர்கள், எறிந்தவர்கள், கபடி ஆடியவர்கள்! ஞாயிற்றுக்கிழமை எங்கள் லேஅவுட்டில் ஒரு பெண்கூட ஆடி நான் பார்த்ததில்லை. லஃப்பரோவில் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டு அளந்தபோது தெரிந்த வித்தியாசம் தசையில் மட்டும் இல்லை. இடுப்புக்கும் தோளுக்கும் உள்ள முறுக்கிலும், முன்முழங்கை நீள்வதிலும் இருந்தது. அவை சொல்லிக்கொடுத்தால் வருகிறவை. 2017 ஜூலை 20 அன்று டெர்பியில் ஹர்மன்பிரீத் கவுர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 115 பந்தில் 171 அடித்தார். 2024 டிசம்பரில் மதுரைப் பெண் கமலினியை 1.6 கோடி ரூபாய்க்கு மும்பை அணி எடுத்தபோது அவருக்கு 16 வயது. வல்லம் வடகாலில் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வலையும் இரண்டு பேட்டும் வைத்தால் என்ன வரும் என்று பார்க்கலாமே.

சாப்பாடு. 65 கிலோ எடையுள்ள பையன் வலுப் பயிற்சி செய்தால் நாளைக்கு நூறு கிராம் புரதம் வரை வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். கேன்டீன் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு குளமாகவும் இருக்கும். கணக்குப் போட்டால் பாதி தேறாது. பவுடர் டப்பாவுக்குக் கடன் வாங்கும் பையன்களிடம் நான் சொல்வது நான்கு முட்டை, இரண்டு கை வேர்க்கடலை, ஒரு சுண்டல் பொட்டலம். அதற்கு மேல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

தூக்கம் அவ்வளவு எளிதில் தீராது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறது. ஏ ஷிப்ட் வாரத்தில் நன்றாக அடிப்பவன் நைட் ஷிப்ட் வாரத்தில் எல்லாவற்றையும் ஒரு கணம் தாமதமாகச் செய்கிறான். தசை அதேதான், வரிசை குலைகிறது. காலில் தொடங்கி மணிக்கட்டில் முடியும் அந்த ஓட்டம் கால் நொடிக்குள் நடந்து முடிய வேண்டியது. ஆறு பேர் ஒரு ரூமில், வெவ்வேறு ஷிப்டில், விளக்கை அணைக்க முடியாமல் தூங்குகிறவனிடம் டெக்னிக் பேசுவது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்த காலை ஆட வேண்டாம், மாலை நாலரைக்கு வாருங்கள் என்று எங்கள் டீமில் விதி வைத்தோம். நான் செய்த மாற்றங்களிலேயே அதிக ரன் கொடுத்தது அதுதான்.

கம்பெனிகள் கிரிக்கெட்டை வளர்த்த வரலாறு சென்னைக்குப் புதிதல்ல. இந்தியா பிஸ்டன்ஸ், சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ் போன்ற அணிகள் சென்னை லீக்கில் எத்தனையோ ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டன. வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்க எம்.ஆர்.எஃப். 1987-லேயே ஓர் அமைப்பைத் தொடங்கியது. ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் அப்பல்லோ டயர்ஸின் பெயர் 2025 முதல் இந்திய அணியின் சட்டையிலேயே இருக்கிறது. இவ்வளவு பணமும் இயந்திரமும் உள்ள இந்த நெடுஞ்சாலை ஓரத்தில், பல கம்பெனிகள் சேர்ந்து இரண்டு டர்ஃப் பிட்ச், நான்கு வலை, ஒரு நல்ல கோச், ஷிப்டுக்கு ஏற்றபடி திறந்திருக்கும் நேரம் என்று ஓர் இடத்தை உண்டாக்குவது முடியாத காரியமில்லை. பையன்கள் ரெடியாக இருக்கிறார்கள்.

அதுவரை கையில் இருப்பதை வைத்துச் செய்கிறோம். எங்கள் டீமில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மேட்டும், ஒரு டஜன் தோல் பந்தும், இரண்டு ஹெல்மெட்டும் வாங்கினோம். போன மாதம் ஒரு ஞாயிறு மாலை, அந்தக் கள்ளக்குறிச்சித் தம்பி மேட்டில் நின்றான். கீழ்க்கையை இரண்டு விரலால் மட்டும் பிடித்ததுபோலத் தளர்த்தச் சொன்னேன். பந்தைப் பற்றி யோசிக்காதே, குதிகால் பட்டதும் பக்கிளைத் திருப்பு, மற்றதெல்லாம் தானாக வரும் என்றேன். முதல் ஏழு பந்து அசிங்கமாகப் போனது. எட்டாவது, கழுத்து நரம்பு புடைக்கவில்லை, பல் கடிபடவில்லை, சத்தம் மட்டும் வேறாக இருந்தது. கதவைத் தட்டுகிற மாதிரி ஒற்றைச் சத்தம். பந்து மனைக்கற்களைத் தாண்டி விழுந்தது. அவன் பேட்டைக் கீழே போட்டுவிட்டு, பிட்சிலிருந்து அது விழுந்த இடம் வரை காலால் அளந்துகொண்டே போனான். எழுபத்தொன்று. முந்தைய மாதம் அவன் அளந்தது ஐம்பத்தெட்டு. திரும்பி வந்து பந்தைச் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தான்.

“இன்னும் ஒரு ஓவர் போடுங்கண்ணா. அடுத்த வாரம் ஏ ஷிப்ட். நல்லா தூங்கிட்டு வந்துடுறேன்.”